ஹேலி வால்மீன்: 76-ஐக் கூட்டினால் 2062 வருகிறதே?

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1986-இல் விடியற்காலை இருட்டில் பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகும்போது ஹேலி வால்நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறார். படிவம் 3 படிக்கும் மகள் அதை வைத்து அறிவியல் செயல்திட்டம் செய்கிறாள். 76 ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்கிறார்கள். கூட்டினால் 2062. ஆனால் 2061 என்றும் போட்டிருக்கிறார்கள். எதை எழுதுவது?

பதில்: 2061 என்றே எழுதச் சொல்லுங்கள். ஹேலி அடுத்து சூரியனை மிக நெருங்கும் நாள் 2061 ஜூலை 28. 76 என்பது ஒரு தோராயம்தான். 1835 நவம்பரில் வந்தது, 1910 ஏப்ரலிலேயே திரும்பிவிட்டது, எழுபத்தைந்துகூட ஆகவில்லை. கி.பி. 451-இல் வந்ததோ 530-இல்தான் மறுபடி வந்தது.

இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெரும்பாலும் வியாழனும் சனியுமே காரணம். வியாழனின் நிறை பூமியைப்போல் 318 மடங்கு. அது போகும் பாதையில் அதற்கு முன்னால் குறுக்கே கடக்கும் வால்மீன் வேகம் இழக்கும், சுற்றுப்பாதை சுருங்கும். பின்னால் கடந்தால் வேகம் கூடும், பாதை நீளும். ஹேல்-பாப் வால்மீன் 1996 ஏப்ரலில் வியாழனுக்குச் சுமார் 11½ கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் போனது. அதற்கே அதன் சுற்றுக்காலம் ஏறக்குறைய 4,200 ஆண்டிலிருந்து 2,500 சொச்சமாகக் குறைந்துவிட்டது! 1770-இல் பூமிக்கு மிக அருகில் வந்த லெக்செல் வால்மீன் கதை இன்னும் மோசம். 1767-இல் அதை உள்ளே இழுத்துவிட்ட வியாழனே 1779-இல் வெளியே தள்ளியது. அப்புறம் அது யார் கண்ணிலும் படவில்லை.

ஹேலிக்கு அந்தக் கதி வராததற்குக் காரணம், அது கோள்களுக்கு எதிர்த்திசையில் சுற்றுவது. வியாழன் பக்கம் வந்தாலும் விர்ரென்று கடந்துவிடும், இழுபட நேரமிருக்காது.

செயல்திட்டத்தில் ஒரு பக்கமாவது 1759 வருகைக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். பிரெஞ்சு வானியல் அறிஞர்களான கிளேரோ, லாலாந்த், நிக்கோல்-ரேன் லெபோத் என்ற பெண்மணி ஆகிய மூவரும் மாதக்கணக்கில் உட்கார்ந்து கையாலேயே கணக்குப் போட்டார்கள். வியாழனால் 518 நாள், சனியால் 100 நாள் தாமதம், ஆகவே ஏப்ரல் நடுவில் சூரியனை நெருங்கும் என்றார்கள். நெருங்கியது மார்ச் 13. யுரேனஸும் நெப்டியூனும் கண்டுபிடிக்கப்படாத காலத்தில் ஒரே ஒரு மாதம்தான் பிசகு. எனக்கு இன்றும் இது பெரிய அதிசயம்.

சரி, 2061-ஐ எவ்வளவு நம்பலாம்? வெயிலில் பனி ஆவியாகிப் பீறிடும் வாயுவும் ஹேலியைச் சுற்றுக்கு ஏறக்குறைய 4 நாள் தாமதப்படுத்துகிறது. அதையும் சேர்த்துத்தான் கணக்கிட்டிருக்கிறார்கள். தாராளமாக நம்பலாம். தாளில் 'சுற்றுக்காலம்: 74 முதல் 79 ஆண்டு' என்று எழுதட்டும். ஆசிரியர் 76-ஐக் கேட்டால் 1835, 1910 தேதிகளைக் காட்டினால் போதும்.