காந்தம் ஒட்டவில்லை, சரி. அதனால் 304 கிரேடு ஸ்டீல் ஆகிவிடுமா?

கேள்வி: திருவான்மியூரில் கடற்கரைக்கு நாலு தெரு தள்ளி வீடு. பால்கனிக்கும் மாடிப்படிக்கும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி போடுகிறோம். ஃபேப்ரிகேட்டர் பைப்பில் காந்தத்தை வைத்து, "ஒட்டல பாருங்க சார், அசல் 304" என்கிறார். நம்பலாமா?

பதில்: காந்தத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மலிவான 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய சரக்கு அது. புதிதில் இரண்டும் ஒரே பளபளப்புதான். கடல் காற்றில் கொஞ்ச நாள் நின்றால் 202-ல் வெல்டிங் ஓரமாகப் பழுப்புப் புள்ளி கிளம்பும்.

இன்னொன்று. அசல் 304-கூட வளைத்த இடத்திலும் வெல்டிங் வைத்த இடத்திலும் காந்தத்தை லேசாக இழுக்கும். வளைக்கும்போது உலோகத்தின் உள்ளமைப்பு கொஞ்சம் மாறுவதால் வரும் இழுப்பு. இதைப் பார்த்துப் பயந்து நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். ஆக, ஒட்டினாலும் சாட்சி இல்லை, ஒட்டாவிட்டாலும் சாட்சி இல்லை.

மாங்கனீஸைக் காட்டும் சோதனைத் திரவம் சின்ன பேட்டரியோடு கிடைக்கிறது. ஒரு சொட்டு விட்டு பேட்டரியைத் தொட்டால், 202 என்றால் சிவக்கும். சாம்பிள் துண்டில் பார்க்காதீர்கள். வண்டியில் வந்து இறங்கிய பைப்பில், அறுப்பதற்கு முன் பாருங்கள். மேலே ஒட்டியிருக்கும் '304' ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

அடிக்கணக்கில் ரேட் பேசுகிறவர் பைப்பின் கனத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார். 2 அங்குல உருட்டு பைப், 1.5 மி.மீ. கனம் என்றால் 20 அடி நீளம் சுமார் 11 கிலோ இருக்க வேண்டும். 9 கிலோதான் என்றால் உங்களுக்கு வந்திருப்பது 1.2 மி.மீ. தராசில் போடச் சொல்லுங்கள், முகம் மாறும். "நம்ம ஆளுதான் சார்" என்று மேஸ்திரி கூட்டிவந்தவர் என்றால் இன்னும் உஷார். மேஸ்திரியின் கமிஷனும் அந்தக் கனத்திலிருந்துதான் போகிறது. தங்கச் சங்கிலிக்கு ஹால்மார்க் கேட்கிற ஊரில், லட்ச ரூபாய் கைப்பிடிக்கு 'எஸ்.எஸ். பைப்' என்று இரண்டே வார்த்தையில் பில்! கிரேடும் கனமும் பில்லில் ஏறாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்கு: உள்படிக்கட்டுக்கு 304 தாராளம். பால்கனிக்கு 316 போடுங்கள். அதிலுள்ள 2–3 சதவீத மாலிப்டினம் என்ற உலோகம்தான் உப்புக்காற்றைத் தாங்கும். குறுக்குக் கம்பி வேண்டாம், குழந்தைகளுக்கு அது ஏணி.

டைல்ஸ் கறைக்கு ஆசிட் ஊற்றிக் கழுவுகிற வேலையைக் கைப்பிடி மாட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அந்தப் புகை பட்டால் 316-லும் கறை ஏறும்.