கேள்வி பதில்: அருவருப்பும் துப்பறிதலும்

கேள்வி: ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை நான்காவது சீசன் வரை பார்த்து முடித்துவிட்டோம். துப்பறியும் கதை என்று நம்பி உட்கார்ந்தால், கல்லீரல் தின்பவனும் சாக்கடைப் புழு மனிதனும் வந்து குமட்ட வைக்கிறார்கள். இவையெல்லாம் கதைக்குத் தேவைதானா, ஆள் சேர்க்கும் உத்தியா?

பதில்: உத்தியும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தத் தொடரில் அருவருப்பு பெரும்பாலும் தடயமாகவே வருகிறது. விநோத வழக்குகளை விசாரிக்கும் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் மோல்டரும் ஸ்கல்லியும். இவர்களில் ஸ்கல்லி ஒரு மருத்துவர். பிரேதப் பரிசோதனை மேசைதான் அவருடைய துப்பறியும் களம். மோல்டரின் ஊகங்களை அவர் மறுத்துப் பேசலாம். மேசையில் கிடக்கும் உடலை மறுக்க முடியாது. 1993இல் வந்த மூன்றாம் எபிசோடில், குறுகிய துவாரங்களுக்குள் உடலை நீட்டி நுழையும் டூம்ஸ் (நீங்கள் சொல்லும் கல்லீரல் தின்பவன்), செய்தித்தாள் கிழிசல்களைப் பித்தநீரால் ஒட்டிக் கூடு கட்டி, முப்பது ஆண்டுகள் அதில் உறங்குகிறான். அந்தக் கூட்டில் மோல்டர் கை வைக்க, அது பித்தநீர் என்று கண்டு சொல்பவர் ஸ்கல்லிதான். (புழு மனிதனின் வேடத்துக்குள் இருந்தவர் டேரின் மோர்கன், பின்னாளில் இதே தொடருக்குச் சிறந்த நகைச்சுவை எபிசோடுகளை எழுதியவரும் அவர்தான்.)

நீங்கள் பார்த்திருக்கும் நான்காவது சீசனின் ‘லியோனர்ட் பெட்ஸ்’ எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ஸ் என்ற ஆம்புலன்ஸ் ஊழியர் விபத்தில் தலை துண்டிக்கப்பட்டு இறக்கிறார். தலையில்லாத உடல் பிணவறையிலிருந்து தானாகவே வெளியேறிவிடுகிறது. பரிசோதிக்க ஸ்கல்லி முனையும்போது, எஞ்சிய தலை கண்ணையும் வாயையும் திறக்கிறது. பெட்ஸின் உடல் முழுக்கப் புற்றுநோய் உயிரணுக்கள். அவருக்கு உணவும் பிறர் உடலிலுள்ள புற்றுநோய்க் கட்டிகளே. இந்த விதியைப் பொறுமையாக நிறுவிய பிறகு, ஸ்கல்லியிடம் இருக்கும் ஒன்று தனக்குத் தேவை என்று பெட்ஸ் மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொல்கிறார். ரத்தம் தெறிக்கவில்லை; ஆனாலும் அதுவரை பிறர் உடல்களை அறுத்துப் பார்த்த மருத்துவருக்கு, தன் உடலைப் பற்றிய செய்தி ஒரு கொலையாளியின் பசி வழியாகக் கிடைக்கிறது. முந்தைய காட்சிகளின் குமட்டலைப் பொறுத்துக்கொண்ட பார்வையாளருக்குத்தான் இந்த வசனம் முழுதாகப் புரியும். 1997 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஆட்டத்தை அடுத்து ஒளிபரப்பான இதை அமெரிக்காவில் சுமார் 2.9 கோடிப் பேர் பார்த்தார்கள் என்பதற்கு அந்த ஆட்டமும் ஒரு காரணம்.

உங்கள் குறை முழுமையாகப் பொருந்துவது அதே சீசனின் ‘ஹோம்’ எபிசோடுக்கு. முன்னெச்சரிக்கை வாசகத்தோடு 1996இல் ஒளிபரப்பான அதில், பிறவியிலேயே உருத்திரிந்த உடல்களைக் காட்டுவதே அச்சமூட்டும் வழியாகிவிடுகிறது. புலனாய்வுக்கு அவிழ்க்க முடிச்சு எதுவும் பெரிதாக இல்லை. பலர் அதைத் தொடரின் உச்சம் என்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை.