டாங்கி டிராக்குக்குச் சாயம்: எதற்குக் காசு, எதற்கு வேண்டாம்

கேள்வி: நானும் மகனும் 1/35 அளவில் இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானிய சி-ஹா டாங்கி மாடல் ஒன்றைக் கட்டுகிறோம். மலாயாவின் ஸ்லிம் ரிவர் சண்டைக் காட்சியாக வைக்க ஆசை. டிராக்குக்கென்றே (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) தனி செட் ஒன்று விற்கிறார்கள். அடிச்சாயம், டிராக் வாஷ் (பள்ளங்களில் ஓடவிடும் நீர்த்த சாயம்), மூன்று வகைத் துரு, மூன்று வகைச் சேறு என்று எட்டு பாட்டில். விலை கிட்டத்தட்ட கிட் விலைக்கே வந்துவிடுகிறது. வாங்கத்தான் வேண்டுமா? (செந்தூல் வாசகர்)

பதில்: வேண்டாம். எட்டில் ஐந்து பாட்டில் உங்கள் டாங்கிக்குத் தேவையே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஓடுகிற டாங்கியின் டிராக் ஆரஞ்சு நிறத்தில் துருப்பிடித்து நிற்பதில்லை. ராத்திரி மழையில் மேலாகப் படியும் துரு, காலையில் கொஞ்ச தூரம் ஓடியதுமே உரசிப் போய்விடும். பள்ளங்களில் மிஞ்சுவது கறுப்புக்குப் பக்கத்தில் வரும் அடர் பழுப்பு. தரையைத் தொடும் மேடுகளும், சக்கரம் உருளும் உள்பக்கமும் எஃகாகவே பளபளக்கும். ஆரஞ்சுத் துரு வேண்டுமானால் டாங்கியைப் பல வாரம் ஓட்டாமல் போட்டிருக்க வேண்டும். உங்கள் காட்சி அது இல்லை. 1942 ஜனவரி 7, விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே டிரங்க் ரோட்டில் இறங்கி வந்த நாள். தார் ரோட்டில் ஓடிய டிராக்கில் பளபளப்பு தூக்கலாகவும் சேறு குறைவாகவும் இருக்கும். மூன்று துருவும் போச்சு, மூன்று சேற்றில் இரண்டும் போச்சு.

பதிலுக்கு என்ன வாங்கலாம்? தாமியா அக்ரிலிக்கில் எக்ஸ்எஃப்-1 கறுப்பு ஒன்று, எக்ஸ்எஃப்-64 செம்பழுப்பு ஒன்று. இரண்டையும் கலந்தால் டிராக்கின் அடிநிறம் வந்துவிடும். மிச்சச் சாயம் அடுத்த கிட்டுக்கும் உதவும், ‘டிராக் பிரைமர்’ என்று பெயர் ஒட்டிய பாட்டில் அப்படி உதவாது. வாஷுக்கு ஓவியக் கடையில் பர்ன்ட் அம்பர் எண்ணெய்ச் சாயம் ஒரு டியூப், மணம் குறைந்த டர்பென்டைன் சின்ன பாட்டில். கடலை அளவு சாயத்தைக் கரைத்துப் பள்ளங்களில் ஓடவிட்டால் போதும், அந்த டியூப் வருடக் கணக்கில் வரும். எழுதுபொருள் கடையில் 6பி பென்சில் ஒன்று.

அந்தப் பென்சில்தான் இதில் முக்கியம். முனையை உப்புத்தாளில் தேய்த்துத் தூளாக்குங்கள். தூளை விரல் நுனியில் தொட்டு, காய்ந்த டிராக்கின் மேல் லேசாக இழுங்கள். பிரஷ் வேண்டாம், அது பள்ளத்துக்குள்ளும் போய்விடும். விரல் மேட்டை மட்டும்தான் தொடும். ஒவ்வொரு கண்ணியின் விளிம்பும் எஃகுச் சாம்பலாக மின்ன, பக்கத்துப் பள்ளம் கறுப்பாகவே இருக்கும். வெள்ளிச் சாயம் பூசினால் அது சாயமாகத்தான் தெரியும். பென்சில் கரி உலோகமாகவே தெரிகிறது. உங்கள் மகனே இந்த வேலையைச் செய்யலாம்.

புழுதிக்கு மட்டும் காசு கொடுத்து ஒரு பிக்மெண்ட் (நைசான நிறத்தூள்) பாட்டில் வாங்குங்கள் என்பேன், நம் ஊர்ச் செம்மண் நிறத்தில் ஒன்று. சாக் பேஸ்டலைச் சுரண்டியும் தூள் எடுக்கலாம், மலிவுதான். ஆனால் பிக்மெண்ட் அளவுக்கு நைசாக இருக்காது, பிடிமானமும் குறைவு. பேஸ்டல்தான் என்றால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ‘ஆயில் பேஸ்டல்’ என்று இருந்தால் வைத்துவிடுங்கள், அது தூளாகாது.

இன்னொன்று. கிட்டில் வரும் டிராக் வளையும் வினைல் பட்டையாக இருந்தால், பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சாயம் உரிந்து வரும். வினைல் மேல் எனாமல் சாயத்தைத் தவிர்க்கவும், பல நாள் ஆகியும் ஒட்டிக்கொண்டே இருக்கக்கூடும். ஸ்ப்ரே டின் அடிப்பதாக இருந்தால் காலையிலேயே முடித்துவிடுங்கள். கோலாலம்பூரில் மத்தியானம் மழை கட்டி, காற்றில் ஈரம் ஏறும் நேரத்தில் லாக்கர் சாயம் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும்.

கேள்வி: இயங்கலையில் ‘டிராக் கறுப்பாக்கும் திரவம்’ வாங்கினேன். பிளாஸ்டிக் டிராக்கை ஒரு மணி நேரம் ஊறவைத்தும் நிறம் மாறவே இல்லை. விற்றவரோ, பாட்டிலைத் திறந்துவிட்டீர்கள், காசு திரும்பக் கிடைக்காது என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) பதில் போட்டுவிட்டார். (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: திரவத்தில் குறை இருக்காது. அது உலோகத்தோடு வினை புரிந்து கறுப்பாக்கும் இரசாயனம். வெள்ளை உலோகத்தில் (வெள்ளீயக் கலவை) வார்த்த டிராக்கில்தான் வேலை செய்யும். பிளாஸ்டிக்கை எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் ஒன்றும் ஆகாது.

காசு திரும்ப வருமா என்பது விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பொறுத்தது. ‘எல்லா வகை டிராக்குக்கும்’ என்றோ, வெறுமனே ‘மாடல் டிராக்குக்கு’ என்று போட்டு பிளாஸ்டிக் டிராக் படத்தை வைத்தோ விற்றிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இருக்க வேண்டும். திறந்த பாட்டில் என்ற சாக்கு அங்கே எடுபடாது, திறக்காமல் எப்படித் தெரியும்? ‘உலோக டிராக்குக்கு மட்டும்’ என்று தெளிவாக எழுதியிருந்தால் உரிமை கோருவது கஷ்டம்.

விற்றவர் விளம்பரத்தைத் திருத்துவதற்குள் அந்தப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள். ‘பொருள் கிடைத்தது’ பொத்தானை இன்னும் அழுத்தவில்லை என்றால் அழுத்தாமல், தளத்தின் வழியாகவே பணம் திரும்பக் கேளுங்கள். அது பலிக்காவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்), வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம், 3 வருடத்துக்குள் போக வேண்டும். விற்றவர் மலேசியாவில் இருந்தால்தான் இது உதவும். சின்னத் தொகை என்று தயங்காதீர்கள், சின்னத் தொகைக்காகத்தான் அந்த மன்றமே. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள், வழி சொல்வார்கள்.

காசு வந்தாலும் வராவிட்டாலும் திரவத்தைக் கொட்டிவிட வேண்டாம், உலோக டிராக் வாங்கும்போது உதவும். டிராக்கைச் சோப்பில் நன்றாகக் கழுவி, கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் சில நிமிடம் முக்கி எடுத்து, தண்ணீரில் அலசுங்கள். மேடுகளை நைசான உப்புத்தாளில் தேய்த்தால் உள்ளே இருக்கும் உலோகமே பளபளக்கும், பென்சில்கூட வேண்டாம். பாட்டிலைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்.

கேள்வி: இக்கால ஜெர்மன் லெப்பர்ட் 2 டாங்கியின் டிராக்கிலும் வெள்ளிப் பளபளப்பு வேண்டுமா? (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

பதில்: தரையைத் தொடுவது அங்கே ரப்பர் கட்டை. ரப்பர் பளபளக்காது, துருவும் பிடிக்காது. அடர் சாம்பல் பூசிப் புழுதி தடவினால் முடிந்தது. ஓரங்களில் கண்ணிகளைக் கோக்கும் இரும்பு இணைப்புகளில் மட்டும் பென்சிலை உரசுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுக் கடையில் சாயம் மலிவாக இருக்கிறது. வரவழைக்கலாமா? (பாயான் லெப்பாஸ் வாசகர்)

பதில்: பிக்மெண்ட், பேஸ்டல் போன்ற உலர்ந்த பொருள்களைத் தாராளமாக வரவழைக்கலாம். லாக்கர், எனாமல், தின்னர், ஸ்ப்ரே டின் எல்லாம் தீப்பற்றும் பொருள்கள். சாதாரண விமானத் தபாலில் அனுப்பக் கூடாதவை, வழியிலேயே தடுத்துவிடலாம். கணக்குப் போடும்போது அஞ்சல் செலவை மட்டும் பார்க்காதீர்கள். 2024 ஜனவரி 1 முதல், இயங்கலையில் வாங்கி வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கு 10 சதவீத விற்பனை வரி உண்டு. இரண்டையும் சேர்த்தால் இரண்டு மூன்று பாட்டிலுக்கு மலிவு ஒன்றும் மிஞ்சாது.

உள்ளூர்க் கடைக்குப் போனால் இன்னொரு வசதி, பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். ரொம்ப நாள் கிடந்த சாயத்தில் அடியில் கட்டி தட்டியிருக்கும். தலைகீழாகப் பிடித்துக் குலுக்கியும் அந்தக் கட்டி அசையாவிட்டால் வேறு பாட்டில் கேளுங்கள்.