புல் விரிக்கும் முன் தண்ணீருக்கு வழி

வீடு கட்டுவோர், பழுது பார்ப்போர் கேள்விகளுக்குக் கட்டுமானப் பொறியாளர் பதில்

கேள்வி: ஐயா, கொளத்தூரில் எங்களுக்குத் தனி வீடு. பின்பக்கம் 20 அடிக்கு 18 அடி காலி இடம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட பிறகும் மூன்று நான்கு நாள் தண்ணீர் தேங்கி நிற்கிறது. சேறும் கொசுவுமாக இருப்பதால் பிள்ளைகளை விளையாட விட முடியவில்லை. செயற்கைப் புல் போட்டால் சேறே தெரியாது, அடியில் துளைகள் இருப்பதால் தண்ணீர் தானாக இறங்கிவிடும் என்கிறார் கடைக்காரர். தீபாவளிக்குள் போட்டுவிடலாமா?
- வாசகி, கொளத்தூர்

தீபாவளிக்குள் வேண்டாம் அம்மா. விரிப்பின் முதுகில் சில அங்குலத்துக்கு ஒரு துளை இருப்பது உண்மைதான், தண்ணீர் அதில் இறங்கும். இறங்கின தண்ணீர் எங்கே போகும் என்பதுதான் கேள்வி. உங்கள் பக்கத்து மண் பெரும்பாலும் களி. நனைந்து உப்பிவிட்டால் சொட்டுத் தண்ணீரை உள்ளே விடாது. அதன்மேல் புல்லை விரித்தால் இப்போது கண்ணுக்குத் தெரிகிற தேக்கம் அடியில் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். மிதிக்க மிதிக்கக் குழைந்த களி துளை வழியே மேலே வரும். அப்புறம் நாற்றம் பிடித்துக்கொண்டால், விரிப்பைச் சுருட்டி எடுக்காமல் அதைப் போக்க முடியாது.

வரும் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பின்பக்கம் நின்று பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? 360 சதுர அடி இடத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சேருவது சுமார் 3,300 லிட்டர். உங்கள் மொட்டை மாடி 1,000 சதுர அடி என்று வையுங்கள். அதே மழையில் மாடியிலிருந்து இறங்குவது 9,300 லிட்டர். மாடித் தண்ணீரை இறக்கும் குழாயின் வாய் பின்பக்கத்தில் திறந்திருந்தால், உங்கள் தொல்லையில் பெரும்பங்கு வானத்திலிருந்து நேரே வருவதல்ல, மாடியிலிருந்து வருவது. நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. மாடித் தண்ணீருக்கு உயரம் இருக்கிறது. குழாயைத் தரைக்கு இறக்காமல் சுற்றுச்சுவரை ஒட்டியே வாட்டம் கொடுத்து முன்பக்கம் கொண்டுபோகலாம். தெரு வீட்டைவிட மேடாக இருந்தாலும் போகும். தரையில் விழுந்துவிட்டால் அந்த உயரம் போச்சு, அப்புறம் மோட்டார்தான். வீட்டில் பழைய கிணறு இருந்தால் இன்னும் நல்லது. ஒரு வடிகட்டித் தொட்டி வழியாக மாடித் தண்ணீரைக் கிணற்றுக்கு விடுங்கள். கிணறு நிரம்பும் நாளுக்காக ஒரு வால்வு வைத்து, மீதியைத் தெருப் பக்கம் திருப்பிவிட வழி வையுங்கள். 2003-ல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய குழி உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். மூடியைத் திறந்து பாருங்கள். பல வீடுகளில் அது வண்டல் அடைத்துச் செத்துக் கிடக்கிறது. ஜல்லியை வெளியே எடுத்து, அலசி, திரும்பப் போட்டால் உயிர் வந்துவிடும். இந்த வேலை முழுவதையும் மழைக்கு முன்பே முடித்துவிடலாம்.

அதற்குப் பிறகும் தண்ணீர் நின்றால்தான் மண்ணைத் தொட வேண்டும். ஓர் அடிக்கு ஓர் அடி குழி தோண்டி, ராத்திரி தண்ணீர் நிரப்பி ஊற விடுங்கள். காலையில் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் அங்குலம் குறித்து நட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் மண்ணை நம்பலாம். அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் தண்ணீரைக் குழாய் வைத்துத்தான் வெளியேற்ற வேண்டும்.

கொத்தனாரை டியூப் லெவலோடு (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வரச் சொல்லுங்கள். பின்பக்கத் தரைக்கும் தெருவில் உள்ள மழைநீர் வடிகாலுக்கும் மட்டம் பிடிக்க வேண்டும். சென்னையில் சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் பழைய வீடுகள் பள்ளத்துக்குள் போய்விட்டன. உங்கள் தரை தாழ்ந்திருந்தால் ஒரு மூலையில் உறை இறக்கிச் சிறு தொட்டி கட்டி, ஃப்ளோட் சுவிட்சோடு (தண்ணீர் ஏறினால் தானே ஓடவிடும் சுவிட்ச்) மோட்டார் வைக்க வேண்டியிருக்கும். மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் மட்டும் இணைக்காதீர்கள். அதற்கு அனுமதியும் இல்லை, பெருமழையில் அது உங்கள் வீட்டுக் கழிப்பறை வழியாகவே திரும்பி வரும். பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்த்துவிடவும் வேண்டாம்.

தண்ணீரை வெளியேற்றும் குழாய்க்கு வடிகால் பள்ளம் ஓர் அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் போதும். உள்ளே ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, கொஞ்சம் முக்கால் அங்குல ஜல்லி போட்டு, அதன்மேல் துளையிட்ட நாலு அங்குல பிவிசி குழாய், 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம். துளைகள் கீழ்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். பள்ளத்தில் தண்ணீர் அடியிலிருந்துதான் ஏறி வரும். துளை மேலே இருந்தால், குழாய் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்ற பிறகே உள்ளே நுழையும். ஆட்கள் பழக்கத்தில் மேலே பார்க்க வைத்துவிடுவார்கள், பக்கத்தில் நின்று கவனியுங்கள். குழாயைச் சுற்றி ஜல்லி நிரப்பி, துணியை மேலே மடித்து மூடிவிடுங்கள்.

மீதி இடத்தில் ஐந்தாறு அங்குலம் களியை வெட்டி எடுத்து, துணி விரித்து, ஜல்லி கொட்டி இடித்து, மேலே ஓர் அங்குலம் சிப்ஸ் எனும் பொடி ஜல்லி. வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு இரண்டு அங்குலம் சரிவு இருக்கட்டும். செலவு மிச்சம் என்று கிரஷர் தூளை, அதாவது கல் உடைக்கும்போது வரும் தூளை, கொட்டச் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். தூள் இறுகிப்போய்த் தண்ணீரைத் தடுக்கும்.

புல்லுக்கு முன்பணம் கொடுக்கும் முன் அந்தச் சிப்ஸ் தரையில் அரை மணி நேரம் ஹோஸ் பைப்பைத் திறந்து விடுங்கள். குட்டை கட்டினால் அந்த இடத்தைச் சரிசெய்த பிறகே புல். ஐப்பசி மழையைப் பார்த்துவிட்டு, தை, மாசியில் மண் வேலையை முடித்து, பங்குனியில் விரியுங்கள். ஒன்று மட்டும், சித்திரை வெயிலில் நடுப்பகலில் இந்தப் புல்லில் கால் வைக்க முடியாது. பிள்ளைகளைச் சாயங்காலம் விடுங்கள்.

கேள்வி: திருவான்மியூரில் கடற்கரைக்கு அருகே வீடு. எங்களுக்கும் இவ்வளவு வேலை தேவையா?
- வாசகர், திருவான்மியூர்

தேவையில்லை. உங்கள் மணல் தண்ணீரைக் குடித்துவிடும். உங்கள் கவலை வேறு, மணல் நகர்ந்து புல் மேடுபள்ளமாகும். ஓரத்தில் கல் பதித்து, துணி விரித்து, மூன்று அங்குலம் ஜல்லியை நன்றாக இடித்துவிட்டால் போதும்.

கேள்வி: மதுரையில் மொட்டை மாடியில் செயற்கைப் புல் போட ஆசை. ஒழுகுமா?
- வாசகி, மதுரை

புல்லால் ஒழுகாது, ஆனால் இப்போது இருக்கும் ஒழுகலைப் புல் மறைத்துவிடும். முதலில் மழைநீர்க் குழாய் வாய்களைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் தேக்கிக் கீழ்க்கூரையில் ஈரம் தெரிகிறதா பாருங்கள். ஈரம் தெரிந்தால் வாட்டர் புரூஃபிங் செய்துவிட்டு மறுபடி சோதியுங்கள். புல்லுக்கு அடியில் தண்ணீர் ஓட இடம் விடும் பிளாஸ்டிக் டிரெய்ன் செல் போடுங்கள், தரையோடு பசை போட்டு ஒட்ட வேண்டாம். குழாய் வாய்க்கு மேலே ஓர் அடி சதுரத்தைத் தனித் துண்டாக வெட்டி வைத்தால், சருகு அடைக்கும்போது அதை மட்டும் தூக்கிச் சுத்தம் செய்துகொள்ளலாம்.