பாவிக்கலாம், ஆனால் கொடுக்கலாமா? – கணினி கேள்வி பதில்

ஹட்டன் வாசகர்: பச்சைக் கொழுந்து வாங்கும் ஓர் இடத்துக்கு எக்சஸில் (மைக்ரோசொப்டின் தரவுத்தள மென்பொருள்) கணக்கு மென்பொருள் செய்து கொடுத்தேன். அட்டவணையை அழகாகக் காட்ட, கொழும்பில் நண்பன் வேலை செய்யும் ஒப்பிஸில் காசு கொடுத்து வாங்கியிருந்த ஒரு கிரிட் கொன்ட்ரோலை (அட்டவணை காட்டும் ஆயத்தத் துண்டு நிரலை) கொப்பி பண்ணிப் போட்டேன். என் மடிக்கணினியில் நன்றாக ஓடியது. அங்கே 'லைசன்ஸ் இல்லை' என்று நின்றுவிட்டது. வெளியே கொழுந்து லொறி நிற்கிறது, தராசடியில் இருந்தவர் நிறையையும் தண்ணிக் கழிவையும் ஒரு காட்போட் துண்டில் எழுதிக்கொண்டிருந்தார், எனக்கு முகத்தை வைக்க இடமில்லை. லைசன்ஸ் பைலையும் சேர்த்துக் கொப்பி பண்ணினால் சரியாகிவிடுமா?

பதில்: ஓடக்கூடும் தம்பி. ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இப்படி விற்கப்படும் கொன்ட்ரோல்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு விதமான அனுமதி இருக்கிறது. ஒன்று, அதை வைத்து மென்பொருள் செய்பவருக்கு உரியது. மற்றது, செய்து முடித்ததை இன்னொருவருடைய கணினியில் ஓடவிடுவதற்கு உரியது. நீங்கள் கொப்பி பண்ண நினைக்கும் அந்தச் சின்ன லைசன்ஸ் பைல் முதலாவது வகை, அதாவது செய்பவருடைய மேசையை விட்டு நகரக் கூடாதது. அதைத் தராசடிக் கணினியில் போட்டால், அந்த மனிதருக்கும் கொன்ட்ரோலை முழுதாக எடுத்துக் கொடுத்த மாதிரி. அதற்கும் மேலே, அந்த லைசன்ஸ் உங்கள் பெயரிலேயே இல்லை, நண்பனின் கம்பனி பெயரில் இருக்கிறது, நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் முதலில் மாட்டுவது அவன்தான். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் பாதுகாக்கப்பட்ட படைப்பாகவே பார்க்கிறது, ஆகவே இது ஏதோ வெளிநாட்டுக் கம்பனியின் காகிதம் என்று தள்ளிவிட முடியாது.

சரி, இப்போது என்ன செய்வது? அந்த கிரிட்டைக் கழற்றிவிடுங்கள். எக்சஸிலேயே வரிசையாகக் காட்டும் படிவம் இருக்கிறது, கொஞ்சம் அழகு குறையும், அவ்வளவுதான். திகதி தெரிவுசெய்ய வெளியில் இருந்து ஏதும் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், 2007 பதிப்பிலிருந்து திகதிப் பெட்டியோடு நாட்காட்டி தானாகவே வருகிறது. அந்தக் காலத்தில் எல்லோரும் பாவித்த மைக்ரோசொப்டின் சொந்த நாட்காட்டிக் கொன்ட்ரோலே எக்சஸ் 2010இல் காணாமல் போனது, அதை நம்பிச் செய்த படிவங்கள் எல்லாம் உடைந்தன. வெளித்துண்டு ஒவ்வொன்றும் நாளைக்கு இப்படி ஒரு நாள் வைத்திருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். தராசடிக் கணினிக்கு முழு எக்சஸ் வாங்கவும் தேவையில்லை, செய்து முடித்ததை ஓட்ட மட்டும் உதவும் எக்சஸ் ரன்டைம் 2007இலிருந்து இலவசம், கொடுக்கவும் அனுமதி உண்டு.

அப்படியும் ஒரு கொன்ட்ரோல் வேண்டியே வேண்டும் என்றால், வாங்க முன் ஒப்பந்தத்தில் மறுவிநியோகம் பற்றிய பகுதியைத் தேடி வாசியுங்கள். எந்தெந்த பைலைக் கொடுக்கலாம் என்று அங்கே பெயர் பெயராக எழுதியிருப்பார்கள். பட்டியலில் இல்லாத பைல் உங்கள் செட்டப்புக்குள் போகக் கூடாது.

பதுளை வாசகி: மருந்துக் கடைகளுக்கு ஸ்டொக் மென்பொருள் விற்கிறேன். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தையும், என் மென்பொருளை அதோடு இணைக்கும் கனெக்டரையும் சேர்த்து ஒரே பென்டிரைவில் கொடுக்கிறேன். இலவசம்தானே?

பதில்: தங்கச்சி, டவுன்லோட் பண்ணுவது இலவசம், நீங்கள் செய்வதோ விநியோகம். மைஎஸ்கியூஎல்லின் இலவசப் பதிப்பு ஜிபிஎல் என்ற திறந்த மூல லைசன்ஸின் இரண்டாம் பதிப்பின் கீழ் வருகிறது. ஒரு ஒப்பிஸ் தன் சொந்த வேலைக்கு எவ்வளவு பாவித்தாலும் அது எதுவும் கேட்காது. ஜிபிஎல் நிரலை உங்கள் நிரலோடு இணைத்து வெளியே கொடுக்கும்போதுதான் கேட்கிறது: வாங்குபவருக்கு மூல நிரலும் கொடு, அதை மாற்றவும் மற்றவருக்குக் கொடுக்கவும் உரிமையும் கொடு என்று. காசு வாங்கக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை, மூல நிரலை உலகத்துக்கே காட்ட வேண்டும் என்றும் இல்லை, இந்த இரண்டையும் பலர் தவறாகவே சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். உங்கள் நிரலை மூடியே வைத்து விற்க விருப்பமா, மைஎஸ்கியூஎல்லின் சொந்தக்காரரான ஒராக்கிள் கம்பனியிடம் வணிக லைசன்ஸ் வாங்க வேண்டிவரும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் தரவுத்தளத்தையே மாற்றிவிடுவேன். ஒரே கணினி உள்ள கடை என்றால் எஸ்கியூலைட் போதும், அதைச் செய்தவர்கள் பொதுச்சொத்தாகவே விட்டுவிட்டார்கள். மூன்று நான்கு கணினி இருந்தால் போஸ்ட்கிரஸ்கியூஎல். அது கேட்பதெல்லாம் தன் பதிப்புரிமை அறிவிப்பை ஒவ்வொரு கொப்பியோடும் அப்படியே வைக்கச் சொல்வதுதான். மாற்றும் வேலை ஒரு வாரம் இழுக்கலாம். பத்தாவது கடைக்கு விற்ற பிறகு மாற்றுவதைவிட இப்போதே இழுப்பது நல்லது.

தலவாக்கலை வாசகர்: சம்பளச் சீட்டு தமிழில் அச்சாக, லதா எழுத்துரு பைலையும் செட்டப்பில் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. அது விண்டோஸோடு வருவது, பைலைத் தனியே எடுத்துக் கொடுக்க உங்களுக்கு அனுமதி இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எடுங்கள், அதன் திறந்த எழுத்துரு லைசன்ஸ் மென்பொருளோடு சேர்த்து விற்கவும் விடுகிறது, எழுத்துருவை மட்டும் தனியே விற்கத்தான் தடை. லைசன்ஸ் எழுதிய பைலையும் அதே போல்டரில் போட மறக்காதீர்கள்.