பின்னல் கேள்வி-பதில்: வருஷத்துக்கு எத்தனை ஸ்வெட்டர்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெரிய வேலைகளைப் பற்றியவை. போர்வை, முழு ஸ்வெட்டர், இரண்டு வருஷமாகப் பையிலேயே கிடக்கும் ஷால். சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஒரு ஸ்வெட்டருக்கு எவ்வளவு உல்லன் வாங்க வேண்டும்? (மதுரை)

யாருக்கு என்று எழுதவில்லை. என்ன நூல், எந்த ஊசி, அதுவும் இல்லை. இப்படிக் கேட்டால் எதை வைத்துப் பதில் சொல்வது? உத்தேசமாக, ஆறு மாதக் குழந்தைக்கு 150 கிராம், நடுத்தர உடம்புள்ள பெரியவருக்கு 500 கிராம். கயிறு முறுக்கின மாதிரி வரும் கேபிள் டிசைன் என்றால் இன்னும் 100 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் ஒரே டை லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட நூலாக, வாங்குங்கள். லேபிளைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை மார்பளவு, நூலின் கனம், ஊசி நம்பர் மூன்றையும் எழுதுங்கள்.

ஒரு கை முடித்தாயிற்று. இரண்டாவது கையைத் தொடங்க மனசே வரவில்லை. (நாகர்கோவில்)

இதை எப்படியாவது முடித்துவிடுங்கள். அடுத்த ஸ்வெட்டரில் இரண்டு கைகளையும் ஒரே வட்ட ஊசியில் (இரண்டு முனைகளை வளையும் கம்பி இணைக்கும் ஊசி), தனித்தனிப் பந்து வைத்து, அருகருகே பின்னுங்கள். இரண்டும் சேர்ந்தே முடியும், நீளமும் மாறாது.

மாதம் ஒரு ஸ்வெட்டர், வருஷத்துக்கு 12 என்று ஜனவரியில் சபதம் எடுத்தேன். ஜூலை ஆகிவிட்டது, முதல் ஸ்வெட்டரே முடியவில்லை. இரண்டு தடவை பெரிதாகிப்போய் அவிழ்த்தேன். எனக்குப் பொறுமை போதவில்லையா, டீச்சர்? (கோவை)

உங்களுக்குப் பொறுமை இருக்கிறது. இல்லாவிட்டால் இரண்டாவது தடவை அவிழ்த்திருக்க மாட்டீர்கள். கணக்குப் போடாமல் சபதம் எடுத்ததுதான் தப்பு. ஜனவரியில் இதே மாதிரி சபதத்தோடு என் வகுப்புக்கு வருகிறவர்கள், ஏப்ரலில் ஊசியைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். நல்ல கை உள்ளவர்களும் அதில் உண்டு. எனக்கு இது தீராத வருத்தம், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

டிகே (DK) எனப்படும் நடுத்தரக் கன நூல், 4 மி.மீ. ஊசி என்று வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. சதுரத்தில் 22 கண்ணி, 30 வரிசை வரும். உள்ளங்கை அளவு துண்டிலேயே 660 கண்ணி. பெரியவர் ஸ்வெட்டரில் அந்த மாதிரி 80 சதுரம் அடங்கும். ஆக 50,000 கண்ணிக்குக் கொஞ்சம் மேலே. நிமிடத்துக்கு 20 கண்ணி போடுகிற கைக்கு அதுவே 44 மணி நேரம். ஓரம் தைக்க, கழுத்து எடுக்க, தப்பு வந்த இடத்தை அவிழ்க்க எல்லாம் சேர்த்தால் 50 மணி நேரம். பன்னிரண்டுக்கு 600. ராத்திரி அரை மணி நேரம்தான் கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வருஷத்துக்கு 180 மணி நேரம். மூன்று ஸ்வெட்டர், கை வேகம் கூடினால் நாலாவதில் பாதி. ஒரு வீட்டில் மூன்று பேருக்குக் கையால் பின்னிய ஸ்வெட்டர் என்பது சின்ன விஷயமா?

வீடியோவில் பார்க்கிற வேகத்தோடு உங்கள் கையை ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். ஷெட்லாந்தைச் சேர்ந்த ஹேசல் டிண்டால் 2008இல் மூன்று நிமிடத்தில் 262 கண்ணி போட்டார். நிமிடத்துக்கு 87. சின்ன வயதிலிருந்து இடுப்பு பெல்ட்டில் ஊசியைச் செருகிப் பின்னிப் பழகிய கை அது. உங்கள் வேகம் தெரிய வேண்டுமானால், போனில் பத்து நிமிடம் அலாரம் வைத்துப் பின்னி, கண்ணிகளை எண்ணுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்து சராசரி எடுங்கள். அதற்கப்புறம் ‘இந்த வாரம் முன்பக்கத்தில் இத்தனை வரிசை’ என்று இலக்கு வையுங்கள்.

இரண்டு தடவை ஏன் பெரிதானது என்றும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அமெரிக்க பேட்டர்ன், 6ஆம் நம்பர் ஊசி. அவர்களுடைய 6 என்பது 4 மி.மீ. நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் கணக்கில் கிடைக்கும் 6ஆம் நம்பர் 5 மி.மீ. மி.மீ. அளவைப் பார்த்து வாங்குங்கள், வெறும் நம்பரை நம்பாதீர்கள். மாதிரித் துண்டு போட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். 22 கண்ணி வர வேண்டிய இடத்தில் 20 வந்தால் 100 செ.மீ. மார்பு 110 ஆகிவிடும். துண்டை அப்படியே அளக்காதீர்கள், துவைத்துக் காயவைத்து அளங்கள். போன மாதம் வகுப்பில் ஒரு பெண், ஊசியிலிருந்து இறக்கிய துண்டை ஸ்கேல் வைத்து அளந்து ‘சரியாக 22’ என்றார். நனைத்து, டவலில் வைத்து ஒற்றி, நிழலில் காயவைத்தோம். மறுநாள் அதே ஸ்கேலுக்குள் இருபதரைதான் இருந்தது.

தாத்தாவுக்கு கார்டிகன். ஒரு முன்பக்கமும் இரண்டு கைகளும் பாக்கி. பழைய நூல் 50 கிராம்தான் மிச்சம். அதே கலர் நம்பர் வாங்கியும் நிறம் சேரவில்லை. (டொராண்டோ)

லேபிளில் கலர் நம்பருக்குப் பக்கத்தில் இருப்பது லாட் நம்பர். சாயத் தொட்டி மாறினால் நிறமும் ஒரு சாயல் மாறும். கடை விளக்கில் தெரியாது, பகல் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். பாக்கியுள்ள முன்பக்கத்தைப் பழைய நூலில் இரண்டு வரிசை, புது நூலில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். இரண்டு கைகளையும் பட்டன் பட்டியையும் முழுக்கப் புது நூலில் போடுங்கள். தையல் குறுக்கே வருவதால் கண்ணை உறுத்தாது. லேபிளை எடுத்து வையுங்கள்.

தினம் ஒரு வரிசை, அன்றைய வெயிலுக்கு ஏற்ற நிறம் என்று வெப்பநிலைப் போர்வை போடுகிறேன். டபுள் குரோஷா (கொக்கி ஊசியில் போடும் உயரமான கண்ணி), அகலம் 90 செ.மீ. மே முடிவதற்குள் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. ஐந்து டிகிரிக்கு ஒரு நிறம் வைத்ததில் நிறமும் மாறவே இல்லை. (சென்னை)

அமெரிக்க முறை டபுள் குரோஷா என்றால் ஒரு வரிசை சுமார் 1.3 செ.மீ. அதை 365ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தொடங்கியிருக்க வேண்டாமா? நாலே முக்கால் மீட்டர் வரும். நல்லவேளை, உங்கள் அகலம் காப்பாற்றுகிறது. ஜூன் 30ஆம் தேதியோடு இதை நிறுத்துங்கள். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை தனியாக இன்னொரு பட்டை போட்டு, இரண்டையும் நீளவாக்கில் இணையுங்கள். 180 செ.மீ. அகலம், 235 செ.மீ. நீளத்தில் டபுள் காட் போர்வை கிடைக்கும். அப்புறம், ஐந்து டிகிரிக்கு ஒரு நிறம் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. சென்னையில் பகல் வெப்பம் பெரும்பாலும் 28க்கும் 40க்கும் நடுவில்தான். இரண்டு டிகிரிக்கு ஒரு நிறம் வையுங்கள்.

பாதியில் விட்ட ஸ்வெட்டரை இரண்டு வருஷம் கழித்து எடுத்தேன். எந்த ஊசி என்று மறந்துவிட்டது. (கொடைக்கானல்)

நோட்டில் எழுதி வைக்கச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சரி, பின்னியவரைக்கும் உள்ள துண்டில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். தனியாக ஒரு மாதிரித் துண்டு போட்டு, எந்த ஊசியில் அதே எண்ணிக்கை வருகிறதோ அதில் தொடருங்கள். நடுவில் உங்கள் கை இறுகியிருக்கலாம், தளர்ந்தும் இருக்கலாம், அதனால் பழைய ஊசியே கிடைத்தாலும் துண்டு போட்டுத்தான் ஆக வேண்டும். இனிமேல் நீண்ட நாள் நிறுத்தும்போது கண்ணிகளை ஊசியிலேயே விடாமல் வேறு நிற நூலில் கோத்து வையுங்கள். இரும்பு ஊசி துருப்பிடித்தால் கறை நூலில் ஏறிவிடும்.

மகளுக்கு அக்டோபரில் பிரசவம். போர்வை, ஸ்வெட்டர், தொப்பி, காலுறை எல்லாம் முடிக்க தினம் நாலு மணி நேரம் உட்காருகிறேன். மணிக்கட்டு வலிக்கிறது. (திருச்சி)

இன்றே நிறுத்துங்கள். டாக்டரிடம் காட்டுங்கள், வலி மாத்திரை போட்டுக்கொண்டு பின்ன வேண்டாம். கை சரியானதும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கையை உதறிவிட்டு உட்காருங்கள். நாலையும் முடிக்க வேண்டியதில்லை. தொப்பி மட்டும் அக்டோபருக்கு. ஸ்வெட்டரை ஆறு மாத அளவில், பருத்தி நூலில் போடுங்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது ஏப்ரல் வந்துவிடும், திருச்சி வெயிலில் உல்லன் ஆகாது.