ஃபெங் சுயி கேள்வி பதில்: ஒரு மூலை, பதினைந்து நாள்

ஃபெங் சுயி என்ற சீன மரபுப்படி வீட்டை மாற்றி அமைத்து, அதன் வழியாகத் தன் பழக்கத்தில் ஒரு மாற்றம் கொண்டுவர முடியுமா என்று கேட்டவர்களுக்கான பதில்கள். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

சிரிக்கும் புத்தர், ஆமை, மூங்கில் எல்லாம் வாங்கி வைத்தாகிவிட்டது. ஆறு மாதமாக ஒன்றும் மாறவில்லை. எங்கே தவறு ஐயா? (மதுரை)

வாங்குவதில் ஆரம்பித்ததுதான் தவறு. சிரிக்கும் புத்தர் என்று நாம் சொல்வது புடாய் என்ற சீனத் துறவி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். மக்கள் அவரை மைத்ரேயராகக் கொண்டாடினார்கள். பொம்மையாகக் கடைக்கு வந்தது வெகு காலம் கழித்து. ஃபெங் சுயி என்றால் காற்று, நீர் என்றே பொருள். மலை எங்கே, நீர் எங்கே, காற்று எப்படி உள்ளே வருகிறது என்று இடத்தைப் பார்ப்பதுதான் அதன் அடிப்படை.

முதலில் வாசலைப் பாருங்கள். சீனர்கள் வாசலை வீட்டின் வாய் என்பார்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள திறந்த இடத்துக்கு மிங்தாங், அதாவது வெளிச்சக் கூடம், என்று பெயர். வெளியே போய் நின்று கதவைத் திறந்து பாருங்கள். கதவு முழுதாகத் திறக்கிறதா, பின்னால் தொங்கும் பையும் குடையும் இடிக்கிறதா? உள்ளே ஒரு மீட்டருக்காவது தரை தெரிகிறதா, செருப்புக் குவியலா? விளக்கு எரிகிறதா? இதைச் சரிசெய்ய ஒரு மாலைப் பொழுது போதும், செலவும் இல்லை.

அடுத்து ஒரே ஒரு மூலை. சீன நாட்காட்டி சூரியன் ஓராண்டில் சுற்றும் 360 டிகிரியை 24 பருவங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றும் 15 டிகிரி, ஏறக்குறைய 15 நாள். யுனெஸ்கோ 2016இல் மரபுச் செல்வமாக ஏற்ற முறை இது. ஒரு பருவத்துக்கு ஒரு மூலை, ஒரு மாற்றம் என்று வையுங்கள்.

முதல் நாள் அந்த மூலையைக் காலி செய்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மூன்று பொருளுக்கு மேல் திருப்பி வைக்காதீர்கள். ஒரு சிறு தாளில் செய்யப்போவதை எழுதி அங்கே ஒட்டுங்கள். 'நிம்மதி வேண்டும்' என்று எழுதினால் பயன் இல்லை. 'இரவு 10 மணிக்கு போனை இங்கே சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கைக்குப் போவேன்' என்று எழுதுங்கள். நேரம், இடம், செயல் மூன்றும் அதில் இருக்க வேண்டும். செய்த நாளில் ஒரு கோடு போடுங்கள். பதினைந்தாம் நாள் கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்ததை முடிவு செய்யுங்கள்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முழு வீட்டையும் கவிழ்ப்பவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். சாயங்காலம் கட்டில் மேல் மலையாகக் கிடப்பதெல்லாம் இரவு பரணுக்குப் போகும். இடம் மாறியதே தவிர முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை.

இதற்கெல்லாம் அறிவியல் ஆதாரம் உண்டா? (சென்னை)

'ச்சி' எனும் உயிராற்றலை அளந்து காட்டும் கருவி கிடையாது. பணம் வரும், நோய் தீரும் என்று உறுதி சொல்பவரை நம்பாதீர்கள். ஆனால் கண்ணில் படும் பொருளைக் கை தேடிப் போகும் என்பது யாருக்கும் தெரிந்த உண்மை. இடத்தை மாற்றினால் கை போகும் திசையும் மாறும். இந்தக் கலை நம் காலத்துக்குத் தருவது அதைத்தான் என்பது என் கருத்து. அது சிறிய விஷயம் இல்லை.

போன் காம்பஸ் வாசலில் ஒன்று, ஹாலில் ஒன்று காட்டுகிறது. எதை எடுத்துக்கொள்வது? (அம்பத்தூர்)

இரண்டையும் இப்போதைக்கு விடுங்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, இரும்பு கேட், லிஃப்ட், ஃபிரிட்ஜ் எல்லாமே ஊசியை இழுக்கும். காந்த மூடி உள்ள போன் உறை இருந்தால் கழற்றுங்கள். போனைக் காற்றில் எட்டு போடுவதுபோல் நாலைந்து முறை சுழற்றி, பிறகு இடுப்பு உயரத்தில் மட்டமாகப் பிடியுங்கள். வாசலுக்கு வெளியே 1 மீட்டர், 2 மீட்டர், 3 மீட்டர் தள்ளி மூன்று அளவு எடுங்கள். மூன்றும் 5 டிகிரிக்குள் இருந்தால் சராசரி போதும். 10 டிகிரிக்கு மேல் விலகினால் அந்த இடத்தில் அளக்கவே முடியாது. அப்போது செயற்கைக்கோள் வரைபடத்தில் கட்டடத்தின் சுவர்க்கோட்டைப் பார்த்துக் கோணம் எடுங்கள். வரைபடம் காட்டுவது உண்மை வடக்கு, ஊசி காட்டுவது காந்த வடக்கு. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகக் குறைவு, வீட்டு வேலைக்கு அது பொருட்டில்லை.

எட்டுத் திசைகள் ஒவ்வொன்றும் 45 டிகிரி. தெற்கு என்றால் 157.5 முதல் 202.5 வரை. சீனர்களின் லோபான் என்ற திசைகாட்டி இதையே 24 ஆக, 15 டிகிரி வீதம் பிரிக்கும். எல்லைக்கோட்டுக்கு அருகில் விழுந்தால் 3 டிகிரிப் பிழைகூட முடிவை மாற்றிவிடும்.

இன்னொன்று. அமெரிக்காவில் லின் யுன் என்ற சீன ஆசான் பரப்பிய முறையில் காம்பஸே தேவையில்லை. வாசல் உள்ள சுவரை அடிக்கோடாக வைத்து வீட்டை ஒன்பது கட்டமாக்குவார்கள். வாசலில் நின்று உள்ளே பார்த்தால் இடது கோடி மூலை செல்வம், வலது கோடி மூலை உறவு, வாசலோரம் நடுவில் தொழில். யூடியூபில் பாதிப் பேர் இதைச் சொல்கிறார்கள், மீதிப் பேர் காம்பஸ் முறையைச் சொல்கிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கலந்தால் ஒரே மூலை இரண்டு பெயரில் வந்து நிற்கும்.

வீடு வாஸ்துப்படி கட்டியது. ஈசானியத்தில் பூஜை அறை. ஃபெங் சுயி பார்த்தால் இடிக்குமா? (ஈரோடு)

பெரும்பாலும் இடிக்காது. வடகிழக்கு சீன மரபில் மலை. அசையாமை, கற்றல், உள்நோக்கு எல்லாம் அதற்குரியவை. பூஜைக்கும் தியானத்துக்கும் பொருந்தும். தென்கிழக்கில் வாஸ்து அடுப்பை வைக்கிறது. சீனத்தில் அது மரத்தின் திசை, மரம் நெருப்பை வளர்க்கும். தென்மேற்கு இரண்டு மரபிலும் கனமான மண். வடகிழக்கில் தண்ணீர்த் தொட்டி என்னும் இடத்தில்தான் உரசல். வாஸ்து அங்கே நீரைக் கேட்கிறது, சீனக் கணக்கில் மண் நீரை அடக்கும். தொட்டியை இடிக்க வேண்டாம். வீட்டின் அமைப்புக்கு வாஸ்து, காலக் கணக்குக்கு சீனப் பருவம் என்று பிரித்துக்கொண்டால் போதும்.

தெற்கு வாசலைச் சீனர்கள் விரும்புவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வட சீனத்தில் குளிர்காற்று வடக்கிலிருந்து வரும், குளிர்கால வெயில் தெற்கிலிருந்து விழும். ஈரோட்டில் வெயிலை வீட்டுக்குள் அழைக்கத் தேவையில்லை. எந்த விதியையும் அது பிறந்த ஊரின் தட்பவெப்பத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

பிறந்த ஆண்டை வைத்து நல்ல திசை சொல்லும் குவா எண்ணைக் கணக்குப் போட்டேன், 3 வந்தது. தோழி 2 என்கிறாள். நான் பிறந்தது 1988 ஜனவரி 20. (கிள்ளான், மலேசியா)

தோழி சொல்வதே சரி. இந்தக் கணக்கில் ஆண்டு பிப்ரவரி 4 வாக்கில், லிச்சுன் என்ற வசந்தத் தொடக்கத்தில்தான் பிறக்கிறது. ஆகவே உங்களுக்கு 1987. கடைசி இரண்டு இலக்கத்தைக் கூட்டுங்கள்: 8+7=15, 1+5=6. 2000க்கு முன் பிறந்த பெண்களுக்கு 5 கூட்ட வேண்டும்: 11, அதாவது 2. நீங்கள் 1988 என்று போட்டதால் 3 வந்தது. ஒரு எண்தானே என்று விட முடியாது. 3 கிழக்குக் குழு, 2 மேற்குக் குழு. நல்ல திசைகள் அப்படியே தலைகீழாகிவிடும். உங்களுக்கு வடகிழக்கு, மேற்கு, வடமேற்கு, தென்மேற்கு. படிக்க உட்காரும்போது இவற்றில் ஒன்றைப் பார்த்து உட்காருங்கள். அதற்காக முதுகை வாசலுக்குக் காட்டாதீர்கள். கதவு கண்ணில் படும்படி அமர்வதே முதல் விதி, எண் அதற்குப் பிறகுதான்.

அண்ணா, துபாயில் ஒரே அறையில் ஆறு பேர். எனக்கு அடுக்குக் கட்டிலில் கீழ்த்தட்டும் ஒரு அலமாரித் தட்டும்தான். இதில் என்ன செய்ய?

தம்பி, உங்களுக்கு அந்தக் கட்டில்தான் வீடு. கதவு தெரியும் பக்கமாக, ஆனால் கால் நேராகக் கதவை நோக்காமல் தலையை வையுங்கள். தலைப்பக்கம் சுவர் இல்லையென்றால் ஒரு கெட்டித் தலையணையை நிறுத்தி வையுங்கள். கட்டிலுக்கு அடியில் பெட்டி வைத்தே ஆக வேண்டும், தெரியும். அதில் படுக்கை விரிப்பு, துணி மட்டும் இருக்கட்டும். கடன் காகிதமும் பழைய சண்டையை நினைவூட்டும் பொருளும் தலைக்கடியில் வேண்டாம்.

மேல்தட்டு தலைக்கு மேல் அழுத்தும். வெளிர் நிறத் துணி ஒன்றை அதன் அடியில் இழுத்துக் கட்டினால் பாரம் குறைந்ததுபோல் இருக்கும். விளக்கு, ஒயர் பக்கத்தில் துணி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலமாரித் தட்டில் ஒரு ஜாண் இடத்தைக் காலியாக விடுங்கள். அந்த ஒரு ஜாணில்தான் உங்கள் பதினைந்து நாள் மாற்றம் நடக்கும்: ஒரு நோட்டு, ஒரு பேனா, அவ்வளவுதான்.

கணவர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அவருடைய பொருள்களைத் தொட முடியவில்லை. வைத்திருந்தால் வீட்டுக்கு ஆகாது என்கிறார்கள். (திருச்சி)

அம்மா, வைத்திருப்பதால் எந்தக் கெடுதலும் வராது. அவசரப்படுத்துபவர்களுக்காக எதையும் செய்யாதீர்கள். சீன மரபில் இலையுதிர் காலமும் உலோகமும் நுரையீரலும் துக்கமும் ஒரே வரிசையில் வரும். துக்கத்துக்கு என்று ஒரு பருவத்தையே ஒதுக்கி வைத்தார்கள். ஏப்ரல் 4 அல்லது 5இல் வரும் சிங்மிங் நாளில் குடும்பமாகக் கல்லறைக்குப் போய்ச் சுத்தம் செய்து படையல் வைப்பார்கள். நாம் திதி கொடுப்பதுபோல்தான். மறப்பதற்கு அல்ல, ஆண்டுதோறும் நாள் குறித்து நினைப்பதற்கு.

கை வரும்போது இந்த வரிசையில் போங்கள். முதலில் மருந்து, மாத்திரை, குளியலறைப் பொருள்கள். பிறகு செருப்பு. பிறகு துணி. கடிதமும் புகைப்படமும் கடைசி. பெரும்பாலோர் புகைப்படத்தில் ஆரம்பித்து முதல் பத்து நிமிடத்திலேயே உடைந்துபோகிறார்கள். ஒரு தடவைக்கு 45 நிமிடம் போதும், கூட ஒருவர் இருக்கட்டும், பகலில் செய்யுங்கள். மூன்று பெட்டி வையுங்கள்: இருக்கட்டும், கொடுக்கலாம், இப்போது முடிவு வேண்டாம். மூன்றாவது பெட்டி நிரம்பினால் பரவாயில்லை. நாடா ஒட்டி, மேலே தேதி எழுதி, முதலாண்டுத் திதி முடிந்த பிறகு திறந்து பாருங்கள்.

காகிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், காப்பீடு, பி.எஃப். எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். அவருடைய சிம் கார்டை வங்கிக் கணக்கு வேலை முடியும்வரை விடாதீர்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். படுக்கையில் அவர் பக்கத்தை உடனே நிரப்பவும் வேண்டாம். விருப்பம் வந்தால் விரிப்பை மட்டும் மாற்றுங்கள்.

நாங்கள் மெல்போர்னில் இருக்கிறோம். பிப்ரவரியில் வசந்தம் என்று எப்படிக் கொண்டாடுவது?

கொண்டாட வேண்டாம். அங்கே அது கோடையின் கடைசி. எந்தத் திசைக்கு எந்த நட்சத்திரம் என்று ஆண்டுதோறும் மாறும் கணக்குக்கு மட்டும் பெரும்பாலான சீன ஆசான்கள் உலகம் முழுக்க பிப்ரவரி 4ஐயே எடுக்கிறார்கள். உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஜன்னலுக்கு வெளியே உள்ள பருவத்தைப் பின்பற்றுங்கள். ஆகஸ்ட் 7 வாக்கில் உங்கள் வசந்தத் தொடக்கம்: எதைத் தொடங்குவது என்று எழுதுங்கள். நவம்பர் 7 கோடை: யாரோடு பகிர்வது. பிப்ரவரி 4 இலையுதிர்: எதை விடுவது. மே 5 குளிர்: எதைச் சேமிப்பது, எப்போது ஓய்வெடுப்பது.

சென்னையில் இருப்பவர்களுக்கும் இதே பேச்சுதான். நமக்கு இலையுதிர் காலமே இல்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறும் இங்கே பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பரணை இறக்காதீர்கள். ஈரத்தில் துணியும் காகிதமும் பூசணம் பிடிக்கும். மார்கழிக் கடைசியில் போகி வருகிறதே, கழிக்க அதுவே சரியான நாள். எரிக்க மட்டும் வேண்டாம், பழைய பேப்பர்க்காரரிடம் போடுங்கள்.

அதிர்ஷ்ட மூங்கில் மஞ்சளாகிறது. கெட்ட சகுனமா? (சிங்கப்பூர்)

இல்லை. அது மூங்கிலே அல்ல, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த டிரசீனா. நேர் வெயிலும் குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினும் அதற்கு ஆகாது. வடிகட்டிய தண்ணீர் ஊற்றி, ஜன்னலிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். தண்டே மஞ்சளாகி மெத்தென்று ஆகிவிட்டால் அதை எடுத்துவிடுங்கள், மற்றவற்றையும் அழுகவைக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீரை மாற்றி, ஜாடியின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது அங்கேதான்.

2026இல் தெற்கு அறையில் சுவர் உடைக்கலாமா? (பினாங்கு)

மரபுப்படி தள்ளிப்போடுவார்கள். 2026 பிப்ரவரி 4 முதல் ஓராண்டுக்கு கெடுதல் தரும் என்று சொல்லப்படும் 'ஐந்து மஞ்சள்' நட்சத்திரமும் ஆண்டுத் தலைவன் தை சுயியும் இரண்டுமே தெற்கில். உடைப்பது, துளையிடுவதுதான் விலக்கு. பெருக்குவதற்கும் தூங்குவதற்கும் தடையில்லை. ஒழுகும் குழாய் என்றால் யோசிக்காமல் உடைத்துச் சரிசெய்யுங்கள், ஈரச் சுவர் எந்த நட்சத்திரத்தையும்விடக் கெடுதல்.

வாடகை வீடு. கட்டிலுக்கு எதிரே கண்ணாடி ஆகாது என்கிறார்கள். எங்களுக்கு அங்கே பீரோக் கண்ணாடி, கழற்ற முடியாது. (தாம்பரம்)

இரவில் ஒரு துணித் திரை போடுங்கள். அசைவு தெரியாமல் இருந்தால் போதும்.

பதினைந்து நாளில் நடுவே நாலு நாள் விட்டுப்போனது. முதலிலிருந்து ஆரம்பிக்கவா? (கோவை)

வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். ஆனால் விட்ட நாலு நாளும் பொருள் எங்கே இருந்தது என்று பாருங்கள். யோகா விரிப்பு பீரோ மேல் சுருட்டிக் கிடந்ததா? நோட்டின் மேல் மின்கட்டண ரசீது ஏறியிருந்ததா? அப்படியானால் மூலை மறுபடி நிரம்பிவிட்டது. மூன்று பொருளுக்கு மேல் இருப்பதை எடுத்துவிடுங்கள். 30 நிமிட வேலையை 5 நிமிடமாக்குங்கள். விரிப்பை இன்றிரவே தரையில் விரித்து வைத்துவிட்டுத் தூங்குங்கள், காலையில் கால் அதன் மேல்தான் படும்.